காலர்க்காரம்மாவுக்கு நான் வைத்த பாக்கி

காலர்க்காரம்மாவுக்கு நான் ஆறாயிரத்து முந்நூறு பாக்கி வைத்திருந்தேன். மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் யாருக்கும் ஒரு காசு பாக்கியில்லை என்பார்கள். சொல்லிவிட்டு வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போவார்கள். நான் நேர் தெருவிலேயே போனவன்.

என்னைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. ஒரு தையல் கூடத்தில் பிசிறு வெட்டச் சேர்ந்தேன். தைத்து முடித்த சட்டையில் தொங்கும் நூலைக் கத்தரிப்பதற்குப் பெயர் பிசிறு வெட்டுவது. அங்கிருந்து சொந்தமாகப் பதினான்கு மெஷின் போடும் அளவுக்கு வந்தேன். யாருடைய உதவியும் கிடையாது. மாமனார் ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தார். அதை உதவி என்று சொல்ல முடியாது, அது ஓடவில்லை. ஆனால் இது காலர்க்காரம்மாவின் கதை. ஆகவே என்னை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நடுவில் நான் வந்தால், கதைக்கு நான் தேவைப்பட்டேன் என்று அர்த்தம்.

அவர் வேலை கேட்டு வந்த அன்று, "என்னம்மா தைக்கத் தெரியும்?" என்றேன்.

"காலர்."

"வேற?"

"காலர் நல்லாத் தெரியும்."

எனக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. எல்லாம் தெரியும் என்று வந்த நாலு பேரை அதற்கு முந்தின வாரம்தான் அனுப்பியிருந்தேன்.

எங்கள் கூடத்தில் ஒரு சட்டையை ஒன்பது பேர் தைப்பார்கள். கை தைப்பவர் கை மட்டும் தைப்பார். அவருக்குக் கைக்காரர் என்று பெயர். பட்டன் ஓட்டை போடுபவர் காஜாக்காரர். காலர்க்காரம்மாவிடம் சட்டை வரும்போது கழுத்து திறந்து கிடக்கும். அவர் கையை விட்டுப் போகும்போது காலர் இரண்டு முனையும் ஒன்றுபோல நிமிர்ந்து நிற்கும். அதற்குக் காலர் ஒன்றுக்கு எட்டு கொடுத்தேன். அந்த வட்டாரத்தில் வேறு யாரும் ஏழரைக்கு மேல் கொடுக்கவில்லை. சட்டைகள் அட்டைப் பெட்டியில் ஏறி ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போகும், அங்கிருந்து கப்பலுக்குப் போகும், அங்கிருந்து எங்கே போகும் என்று நாங்கள் கேட்டதில்லை. ஒன்றை எடுத்து உடம்பில் போட்டுப் பார்த்ததும் இல்லை. வியர்வை பட்டால் மொத்தப் பெட்டியும் திரும்பி வரும் என்பது கம்பெனியின் கட்டளை. பதினோரு வருஷம் அப்படியே ஓடியது.

அவருடைய வீடு கூடத்துக்கு மூன்று தெரு தள்ளி. வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். ஒரு மாமியார். சமையல்கட்டின் மேலே போட்டிருந்த தகரம் துருப்பிடித்து ஓட்டையாகி, மழை வந்தால் நேராக அடுப்பில் இறங்கும். அதனால் மழை நாளில் மருமகள் சமைக்க, மாமியார் பக்கத்தில் நின்று குடை பிடிப்பார். மாமியார் மருமகளுக்குக் குடை பிடிக்கிற வீடு அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். தெருப் பெண்கள் பார்க்க வருவார்கள்.

"எப்படிக்கா உன் மாமியாரை வழிக்குக் கொண்டுவந்தே?" என்று கேட்டால், "மேல ரெண்டு ஓட்டை போட்டுக்க, தானா வருவாங்க," என்பார். ஆனால் சேர்த்து வைத்து அந்தக் கூரையை மாற்றிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே எண்ணம். அடுப்பு நனைந்த காலையில் வேலைக்கு வந்தால் அன்று அவரோடு யாரும் பேச முடியாது.

ஒரு நாள் கம்பெனி மேனேஜர் வந்தார். எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார், அதனால் எங்களுக்கு அவர் டைக்காரர்.

"ஐயா, வாங்குறவங்க சட்டைக்குப் பன்னெண்டு குறைக்கச் சொல்றாங்க," என்றார்.

"எதுக்குத் தம்பி? தையல் மோசமா?"

"தையல் அருமைன்னு எழுதியிருக்காங்க. பக்கத்து நாட்டுச் சட்டைக்கு அங்க இறக்குமதி வரி கிடையாதாம். நம்ம சட்டைக்கு உண்டு. அந்த வித்தியாசத்தை நாமதான் விலையில குறைக்கணும்."

"அவங்க அரசாங்கம் போடுற வரியை நான் ஏன் கட்டணும்?"

"நீங்க கட்ட வேணாம் ஐயா. குறைச்சாப் போதும்."

நான் கணக்கில் கெட்டி. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு இல்லை, மார்க்கெட்டில் அடிபட்ட கணக்கு. ஒன்பது பேருக்கும் ஆளுக்கு ஒன்று குறைத்தால் ஒன்பது ஆயிற்று. மீதி மூன்றை நான் தாங்கிக்கொண்டேன். அந்த மூன்றை இன்றுவரை ஒருவரும் பாராட்டவில்லை.

டீ நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். கைக்காரர் தரையைப் பார்த்தார். காஜாக்காரர், "என்ன செய்யறது, உலகம் பூரா அப்படித்தான்," என்று எனக்கே ஆறுதல் சொன்னார். காலர்க்காரம்மா மட்டும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணே, அந்தப் பக்கத்து நாட்டுல காலர் தைக்கிறவளுக்குப் பசிக்காதா?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"சரி, விடுங்க. இந்த ஒன்னு குறைக்கிறது எத்தனை நாளைக்கு?"

"நிலைமை சரியாகுற வரைக்கும்."

"சரியானதும்?"

"குடுத்துடுறேன்."

"எதை? பழைய கூலியையா, பிடிச்ச காசையா?"

எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் நடுவில் சின்னதாகப் பேச எனக்கு வராது. "ரெண்டையும்தாம்மா," என்றேன்.

"அப்ப இது கூலிக் குறைப்பு இல்ல. கடன். நான் உங்களுக்குக் கடன் குடுக்கிறேன். எல்லாரும் கேட்டுக்குங்க."

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். சிரிக்கவும் செய்தார்கள். பதினான்கு மெஷின் முதலாளிக்குக் காலர் தைக்கிற அம்மா கடன் கொடுப்பது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. மற்ற எட்டுப் பேரில் ஒருவருக்கும் தானும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றவில்லை. தோன்றவைப்பது என் வேலையும் இல்லை.

அதன்பிறகு வாரா வாரம் சம்பளம் வாங்கும்போது, ரயில் நிலையத்தில் அறிவிப்பதுபோல அவர் உரக்கச் சொல்வார்: "இதோட எண்ணூத்திப் பத்து, அண்ணே." அடுத்த வாரம், "இதோட ஆயிரம் தாண்டிடுச்சு, அண்ணே." அந்தத் தொகை என் வங்கிக் கணக்கைவிட ஒழுங்காக வளர்ந்தது.

எட்டு மாதம் கழித்து டைக்காரர் மறுபடியும் வந்தார். உட்காரவில்லை.

"ஆர்டர் நின்னுடுச்சு ஐயா."

"பன்னெண்டு குறைச்சோமே தம்பி!"

"அங்கயும் பன்னெண்டு குறைச்சுட்டாங்க."

எங்கள் காலர்க்காரம்மாவிடமிருந்து ஒன்று, அங்கே உள்ள காலர்க்காரம்மாவிடமிருந்து ஒன்று, இரண்டையும் யாரோ ஒருவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சட்டையும் நாங்கள் தைத்ததாக இருக்கலாம்.

கடைசி பில்லுக்குக் கம்பெனியிடம் பணம் இல்லை. அதற்குப் பதிலாக வெளிர்நீலத் துணி உருளைகளை இறக்கிவிட்டுப் போனார்கள். மெஷின்கள் நின்றன. ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கைக்காரர் ஊர் எல்லையில் புதிதாகக் கட்டிய இறக்குமதிக் கிடங்கில் காவலாளி ஆனார். வெளிநாட்டிலிருந்து வரும் சட்டை, செருப்பு, பாத்திரம் எல்லாம் அங்கேதான் இறங்கும். அவருக்கு நான் கொடுத்ததைப்போல ஒன்றரை மடங்கு சம்பளம், உட்கார நாற்காலி, குளிருக்குப் போர்வை. பதினோரு வருஷம் நான் கற்றுக்கொடுத்த கை வேலைக்குக் கிடைக்காதது, சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததற்குக் கிடைத்தது.

காஜாக்காரர் வேறு வேலை கிடைக்காமல் என்னோடேயே இருந்தார். காலர்க்காரம்மா காலை ஒன்பது மணிக்கு வந்து தன் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொள்வார். சும்மா இருக்க மாட்டார். வீட்டுக் காய்கறியைக் கொண்டுவந்து மெஷின் மேசையிலேயே நறுக்குவார்.

"வேலைதான் இல்லையேம்மா," என்றேன்.

"வேலைக்கு வரலண்ணே. பாக்கிக்கு வந்திருக்கேன்."

"நிலைமை சரியாகலையே?"

"அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். சரியாகுறப்ப நான் இங்க இல்லாமப் போயிட்டா?" வெண்டைக்காயின் காம்பை வெட்டித் தள்ளினார். "தகரம் இப்ப கப்பல்ல வருதாம். பாதி விலை. ஆறாயிரத்துக்குள்ள கூரையே முடிஞ்சுடும். மழைக்கு முன்னாடி குடுத்தீங்கன்னா நல்லது."

எனக்குக் கோபம் வந்தது. "வெளிநாட்டுச் சரக்கு வந்துதாம்மா நம்ம பொழப்பு கெட்டுது. நீ அதையே வாங்குறேங்கிறே?"

"மழை உள்ளூர் மழைதானண்ணே. எந்த நாட்டுத் தகரமா இருந்தா அதுக்கென்ன?"

அன்று ராத்திரி யோசித்தேன் என்று மற்றவர்கள் எழுதுவார்கள். நான் அங்கேயே, நின்ற இடத்திலேயே யோசித்துவிட்டேன். துணி இருக்கிறது, மெஷின் இருக்கிறது, துணியை அளவு பார்த்து வெட்டக் கம்பெனி விட்டுப்போன பேட்டர்ன் அட்டைகள் இருக்கின்றன. வெளிநாட்டுக்காரன் போடுகிற சட்டையை உள்ளூர்க்காரன் போடக் கூடாதா? இரண்டு பேரை வாரக்கூலிக்குக் கூப்பிட்டேன். காலர்க்காரம்மா, "இதுக்கு எட்டு. பழசு தனி," என்று சொல்லிவிட்டு நறுக்கிய காயை ஓரமாக வைத்தார். முந்நூறு சட்டை. எல்லாம் சின்ன சைஸ், ஏனென்றால் நம் ஆட்கள் சின்ன ஆட்கள் என்பது எனக்குத் தெரியும். அத்தனை நேர்த்தியாக நாங்கள் அதற்கு முன் தைத்ததே இல்லை.

துணிக்கடைக்காரரிடம் ஒரு கட்டு கொண்டுபோனேன். தடவிப் பார்த்தார், காலரைச் சுண்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னய்யா இது, என் கையைக் காணோம்?"

உண்மைதான். விரல் நுனிக்கும் கீழே நாலு விரல் அளவு துணி தொங்கியது. சட்டை முழங்காலைத் தொட்டது.

"நீங்க கொஞ்சம் குள்ளம்," என்றேன்.

கடையிலேயே உயரமான கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார். அவருடைய கையையும் காணோம். "பெரிய சைஸை மாத்திக் கொண்டுவந்துட்டீங்க. சின்ன சைஸ் குடுங்க."

"இது சின்ன சைஸ்தான்."

கடைக்காரர் சட்டைக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினார். சட்டை திரும்பவில்லை. "உள்ள இன்னொருத்தருக்கு இடம் இருக்கு. என் தம்பியையும் கூப்பிடட்டுமா?"

வீட்டுக்கு வந்து நானே ஒன்றைப் போட்டேன். என் பெண்டாட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரோட சட்டை? அவரு வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள்.

பதினோரு வருஷமாக லட்சக்கணக்கில் சட்டை அனுப்பியிருக்கிறோம். யாருடைய உடம்புக்கு அனுப்பினோம் என்று ஒன்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது. கைக்காரருக்குக் கை தெரியும், அதற்குள் போகிற கை தெரியாது. காலர்க்காரம்மா ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் வீட்டுக்காரருக்கு மாட்டிப் பார்த்துவிட்டு மறுநாள் வந்தார்.

"என் வீட்டுக்காரர் கழுத்து உள்ள சுத்திச் சுத்தி வருதுண்ணே. இத்தனை வருஷமா நான் மாட்டுக் கழுத்துக்குத் தைச்சிருக்கேன்."

முந்நூறு சட்டையும் சுவரோரம் என் தோள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தது. சந்தையில் இறக்குமதிச் சட்டை நூற்றைம்பதுக்குக் கிடைத்தது. எனக்குத் துணியே நூற்றிருபது. காலர்க்காரம்மாவுக்குக் காலருக்கு எட்டும், வாரக்கூலி ஆட்களுக்குக் கூலியும் கொடுத்து முடித்ததில் கையில் ஒன்றுமில்லை. வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. காலர்க்காரம்மா அதை ஒரு தடவை, என்னை ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்.

அப்போதுதான் கைக்காரர் விடுமுறை நாளில் எங்களைப் பார்க்க வந்தார். பழைய பழக்கத்தில் ஒரு சட்டையை எடுத்துக் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே நீலமா இருக்கே அண்ணே. எங்க கிடங்குல யூனிஃபார்முக்கு அலையுறாங்க. நூறு பேரு இருக்கோம், ஆளுக்கு ஒரு நிறத்துல வர்றோம்."

"அதுக்குத்தானே தைச்சு வச்சிருக்கேன்," என்றேன். எல்லாம் ஒரே நீலமாக இருந்தது என் திட்டம்தான் என்று இப்போதும் சொல்வேன்.

கிடங்கு மேனேஜரைப் பார்க்கப் போனேன். மேசைக்குப் பின்னால் நம் டைக்காரர். கப்பலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர் இப்போது கப்பலிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். டை அதே டை.

"உங்க கிடங்கு நிறையச் சட்டை இருக்கே தம்பி. அதையே மாட்டிவிடலாமே?" என்று நானே முதலில் கேட்டுவிட்டேன். பேரத்தில் இது ஒரு முறை.

"கலந்து கட்டின பெட்டிதான் வருது ஐயா, பத்து நிறம். ஒரே நிறம் வேணும்னா பத்தாயிரம் சட்டை எடுக்கணும்கிறாங்க. எனக்கு வேண்டியது முந்நூறு." சட்டைக்கு இருநூற்றறுபது தருவதாகச் சொன்னார். "ஆனா ஆளுங்களுக்கு அளவா இருக்கணும். முதல்ல பத்து மாதிரி கொண்டுவாங்க."

கையை வெட்டலாம், நீளத்தை மடிக்கலாம். கழுத்துதான் சிக்கல். தோளைப் பிடித்து உள்ளே தள்ளி, காலரை முழுசாகப் பிரித்து, சின்னதாக்கி மறுபடியும் ஏற்ற வேண்டும். அதை எங்களில் ஒரே ஒருவர்தான் செய்ய முடியும். அவர் அப்போது பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"பிரிக்கிற வேலையும் சேர்ந்திருக்கு. காலருக்குப் பன்னெண்டு," என்றார்.

"பன்னெண்டா? சந்தையில முழுச் சட்டையே என்ன விலைன்னு தெரியுமா உனக்கு?"

"அரிசி என்ன விலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. பெண்டாட்டிக்குத்தான் தெரியும்.

"சரிம்மா, பன்னெண்டு."

"பத்து மாதிரியை நம்பித் தைச்சுத் தர்றேன். அவரு பணம் குடுத்தா, முதல் பணம் என் கையில. பழசும் புதுசும். இல்லேன்னா மீதி இருநூத்தித் தொண்ணூறையும் நீங்களே ஒன்னு மேல ஒன்னா போட்டுக்குங்க."

காஜாக்காரர் சிரித்துவிட்டார். நான் அவரைப் பார்த்த பார்வையில் ஓட்டை போடப் போய்விட்டார்.

கிடங்கு வாசலில் பத்துக் காவலாளிகள் வரிசையாக நின்றார்கள். டைக்காரர் ஒவ்வொருவரின் கழுத்துப் பட்டனையும் போடச் சொல்லி, காலருக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். ஒரு விரல் போனது, இரண்டாவது போகவில்லை. காலர் முனைகள் எல்லாம் ஒரே திசையில் நின்றன. வெளிநாட்டுச் சட்டைப் பெட்டிகளுக்கு முன்னால் அவர்கள் நம் சட்டையில் விறைப்பாக நின்றதைப் பார்த்து எனக்கு நெஞ்சு விரிந்தது. அவர்களுக்கு விரிய இடமில்லை, அவ்வளவு அளவாக இருந்தது.

முன்பணமாகப் பத்தாயிரம் கொடுத்தார். மீதி, சரக்கு வந்த பிறகு.

வழியிலேயே கணக்குப் போட்டுவிட்டேன். மின்கட்டணம் கட்ட வேண்டும், நூல் வாங்க வேண்டும், பட்டன் வாங்க வேண்டும். முதலாளி என்றால் தொழிலை முதலில் பார்க்க வேண்டும். கூடத்துக்குள் நுழைந்தபோது, ஒரு வாரமாக விட்டு விட்டுப் பெய்த மழை மறுபடியும் தூறத் தொடங்கியது. காலர்க்காரம்மா தன் மெஷினை விட்டு எழுந்து நின்றிருந்தார்.

"குடுத்தாராண்ணே?"

"குடுத்தார்மா. ஆனா நூலு வாங்கணும், கரண்டு பில்லு..."

"எவ்வளவு குடுத்தார்?"

"பத்தாயிரம்."

"முதல் பணம் யாருக்குன்னு பேசினோம்?"

"பாதியை இப்ப வாங்கிக்கோம்மா. மீதியைச் சரக்குக் குடுத்ததும்..."

"பாதிக் கூரை போடட்டுமா? அடுப்பை எந்தப் பாதியில வைக்கட்டும்? நீங்களே சொல்லிடுங்க."

"அவசரப்படாதேம்மா. நான் எங்கேயும் ஓடிட மாட்டேன்."

"நீங்க ஓட மாட்டீங்கண்ணே. மழைதான் நிக்க மாட்டேங்குது. மாமியாருக்குக் குடை பிடிச்சுக் கை வலிக்குதாம். ஒரு வாரமா என்கூடப் பேசுறதில்ல. குடை மட்டும் பிடிக்கிறாங்க."

காஜாக்காரர் தொண்டையைச் செருமினார். "எனக்கும்தானே அண்ணே ஒன்னு பிடிச்சீங்க?"

"நீ கேக்கலையே."

"இப்பக் கேக்குறேன்."

"இப்பக் கேட்டா இப்பயிருந்து. இந்த ஆர்டர்லேருந்து உனக்குப் பழைய கூலி." அவருக்கு அதுவே பெரிய சந்தோஷம். உடனே போய் உட்கார்ந்துவிட்டார்.

காலர்க்காரம்மா நகரவில்லை. இருநூற்றுத் தொண்ணூறு சட்டை சுவரோரம் கிடந்தது, ஒவ்வொன்றிலும் பிரிக்காத காலர். நூல் இல்லாமல்கூட ஒரு நாள் சமாளிக்கலாம். பக்கத்துத் தெருக் கடையில் எனக்கு நூல் கடன் தருவார்கள், என் பெயருக்கு அவ்வளவு மரியாதை. காலருக்கு ஆள் கடன் தர மாட்டார்கள்.

அவர் பிரிக்கிற ஊசியை மேசைமேல் வைத்துவிட்டு, வலது கையைப் புடவையில் துடைத்து, விரித்து நீட்டினார். ஊசி ஏறித் தழும்பான விரல்கள். நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். எல்லோரும் பார்க்கும்படிதான் எண்ணினேன், ஏனென்றால் எங்கள் வட்டாரத்தில் வெட்டிய கூலியைத் திருப்பிக் கொடுத்த முதலாளி வேறு ஒருவரும் கிடையாது. நூறு நூறாக வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவருடைய உதடு அசைந்தது. நடுவில் ஒரு தடவை இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டு வந்தது. அவரே பிரித்து ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். ஆறாயிரத்து முந்நூறு ஆனதும் நிறுத்தினேன்.

கை மூடவில்லை.

"என்னம்மா?"

"மாதிரி பத்து, அண்ணே."

பத்துப் பன்னிரண்டு நூற்றிருபது. ஒரு நூறை வைத்தேன். சில்லறை என்னிடம் இல்லை. காஜாக்காரரிடம் இருபது கைமாற்று வாங்கி, அதையும் அந்தக் கையில் வைத்தேன்.